மனம் தேறப் புத்தகம் படிப்பது எப்படி?

மனது சரியில்லை என்று தெரிந்ததும் பலர் முதலில் தேடிப் போவது ஒரு புத்தகத்தைத்தான். டாக்டரிடம் போகத் தயக்கமாக இருக்கும், வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கும், கவுன்சலிங்குக்கு நேரமோ பணமோ இருக்காது. புத்தகத்துக்கு இது எதுவும் வேண்டாம். ராத்திரி ஒரு மணிக்கும் திறக்கலாம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. லேசான, நடுத்தர அளவிலான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நல்ல சுய உதவி நூல்கள் பலன் தருகின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் பலன் பெற்றவர்கள் நாவல் வாசிப்பது போலப் புத்தகத்தை வாசிக்கவில்லை. அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

புத்தகத்தையே மருந்தாகக் கொடுக்கும் முறைக்கு 'பிப்ளியோதெரபி' என்று 1916-இல் பெயர் சூட்டியவர் அமெரிக்கக் கட்டுரையாளர் சாமுவேல் க்ரோதர்ஸ். அவர் அதை ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பாதி வேடிக்கையாகத்தான் எழுதினார். உளவியலாளர்கள் அதை வேடிக்கையாக விட்டுவிடவில்லை. ஃபாரஸ்ட் ஸ்கோகின் குழுவினர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 60 வயதைத் தாண்டிய, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மனநல மருத்துவர் டேவிட் பர்ன்ஸ் 1980-இல் எழுதிய 'ஃபீலிங் குட்' என்ற சுய உதவி நூலையோ வேறொரு பயிற்சி நூலையோ கொடுத்து, 4 வாரத்தில் படிக்கச் சொன்னார்கள். புத்தகம் கிடைக்காமல் காத்திருந்தவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். அதில் ஒரு சின்ன விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாரம் ஒருமுறை யாரோ ஒருவர் போன் செய்து, "எதுவரை படித்தீர்கள், பயிற்சி செய்தீர்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் போனைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

முதலில், புத்தகம் போதுமா என்று பாருங்கள்

செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் வருகிறது, உடம்பைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறது என்றால் இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமலேயே அளவுகடந்த வேகத்தோடு இருப்பது, சாப்பாடு அறவே நின்றுபோவது, குடியோ வேறு போதையோ இல்லாமல் ஒரு நாளும் ஓடாதது ஆகியவையும் டாக்டர் பார்க்க வேண்டியவை. தைராய்டு சுரப்பு குறைந்தால்கூட மனச்சோர்வு போலவே மந்தமும் களைப்பும் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டியதை எந்த அத்தியாயமும் சொல்லாது.

இதில் எதுவும் இல்லையென்றால் ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎச்க்யூ-9 என்று ஒரு சிறிய கேள்வித்தாள் இருக்கிறது. 2001-இல் வெளியானது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 5-ஐத் தொட்டால் லேசான சோர்வு, 10 என்றால் நடுத்தரம், 15-ஐ எட்டினால் புத்தகத்தை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. கடைசிக் கேள்வி சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கும். அதற்கு 0 தவிர வேறு எது போட்டாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக வந்தாலும், யாரிடமாவது பேசியே ஆக வேண்டும். இந்தத் தாள் நோய்க்குப் பெயர் வைக்காது, இன்றைக்கு எங்கே நிற்கிறீர்கள் என்று ஒரு குறி போடும், அவ்வளவுதான். வந்த எண்ணைத் தேதியோடு எழுதிவையுங்கள். பிறகு தேவைப்படும்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தகம் நன்றாக வேலை செய்கிறது என்று தோன்றினாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு எல்லாம் வரலாம். அது நோய் திரும்பியது போலவே இருக்கும், குழப்பிவிடும். குறைப்பதென்றால் எழுதிக்கொடுத்த டாக்டரோடு பேசி, படிப்படியாகத்தான்.

ஒரே ஒரு தொல்லையைப் பிடியுங்கள்

"என் வாழ்க்கையே சரியில்லை" என்ற மனநிலையோடு புத்தகம் தேடினால், வாழ்க்கையையே மாற்றித் தருவதாகச் சொல்லும் புத்தகம்தான் கையில் கிடைக்கும். அதனால் தேடலைச் சின்னதாக்குங்கள். காலையில் எழுந்திருக்கவே முடியவில்லையா? கூட்டத்தில் பேச நடுக்கமா? படுத்தால் தூக்கம் வராமல் மனது ஓடிக்கொண்டே இருக்கிறதா? நெருங்கியவர் இறந்ததிலிருந்து மீளவில்லையா? எதற்கெடுத்தாலும் உங்களையே திட்டிக்கொள்கிறீர்களா? இதில் எது அன்றாட வாழ்க்கையை அதிகமாகக் கெடுக்கிறதோ அதை ஒரே வாக்கியத்தில் தாளில் எழுதுங்கள். மற்றவை காத்திருக்கட்டும். ஒன்று சரியாக ஆரம்பித்தால் மற்றவையும் கொஞ்சம் தளர்வதைப் பார்க்கலாம். தூக்கம் சீரானாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடுகிறவர்கள் நிறைய.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

கடையில் இந்தப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியில் பணக்காரர் ஆவது, நேரத்தை மிச்சப்படுத்துவது, தலைவர் ஆவது எல்லாம் கலந்துகிடக்கும். 1859-இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் 'செல்ஃப் ஹெல்ப்' என்ற நூலை எழுதிய காலத்திலிருந்தே இது உழைப்பு, விடாமுயற்சி, முன்னேற்றம் என்று பேசுகிற அலமாரிதான். மனம் உடைந்திருப்பவர் அதிலிருந்து கைக்கு வந்ததை எடுத்தால், "சோம்பலை விடு, எழுந்து ஓடு" என்று அதட்டும் புத்தகம் மாட்டிக்கொள்ளும். மனச்சோர்வில் இருப்பவர் ஏற்கெனவே தன்னை அதைவிட அதிகமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொரு ஆள் வேறு எதற்கு?

ஆகவே கையில் எடுத்ததும் முன்னுரையை விட்டுவிட்டு நடுவில் திறந்து பாருங்கள். செய்து பார்க்கும்படியான பயிற்சி ஏதாவது இருக்கிறதா? அட்டவணை, எழுதும் இடம், "இந்த வாரம் இதைச் செய்யுங்கள்" என்ற குறிப்பு ஏதாவது? முந்நூறு பக்கத்துக்கும் ஊக்க வாசகமும் வெற்றிக் கதையும்தான் என்றால் வைத்துவிடலாம். அப்புறம் ஆசிரியர் யார் என்று பாருங்கள். மனநல மருத்துவராகவோ உளவியலாளராகவோ இருந்தால் நல்லது. இல்லையென்றால், தான் சொல்லும் முறை எங்கிருந்து வந்தது என்றாவது சொல்லியிருக்க வேண்டும். 'அறிதல்-நடத்தை சிகிச்சை' அல்லது சி.பி.டி. என்ற பெயர் கண்ணில் பட்டால் கொஞ்சம் நம்பலாம். மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வளர்த்தெடுத்த அந்த முறை, நம் எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்து மாற்றிக்கொள்ளப் பழக்குவது. படிப்படியாக எழுதிச் செய்யக்கூடியது, அதனால் புத்தகத்துக்கு நன்றாகப் பொருந்திவருகிறது.

நல்ல புத்தகம் தன் எல்லையைத் தானே சொல்லும். "இன்னின்ன நிலை இருந்தால் இதை நம்பி இருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்" என்று எங்காவது ஒரு பக்கத்தில் இருக்கும். 21 நாளில் நிரந்தரத் தீர்வு என்றோ, எல்லா நோய்க்கும் ஒரே வழி என்றோ, மருந்து எல்லாம் ஏமாற்று என்றோ சொன்னால் தயங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். விற்பனைப் பட்டியலில் முதலிடம் என்பதற்கும் பலனுக்கும் சம்பந்தமில்லை. எழுதுகிறவரின் நல்ல எண்ணம்கூடப் போதாது. ஜெரால்ட் ரோசன் என்ற உளவியலாளர் 1970-களில் பாம்பு பயத்துக்கு ஒரு சுய உதவிக் கையேட்டைச் சோதித்தார். படித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பயிற்சியை முடித்தார்கள். இன்னும் பலர் முடிக்கட்டும் என்று கையேட்டில் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். திருத்திய கையேட்டை ஒருவர்கூட முடிக்கவில்லை! எது உதவும் என்பது எழுதியவருக்கே சோதித்துப் பார்க்கும்வரை தெரிவதில்லை.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் பயிற்சிப் பக்கம் ஒன்றை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கதைப் பகுதி எப்படியிருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். செய்முறைக் குறிப்பு ஒரு தடவையில் புரியவில்லையென்றால் அந்தப் பயிற்சியை நீங்கள் செய்யப்போவதில்லை. மூலம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருந்தால் மூலத்தையே எடுப்பது மேல்.

மனநோயிலிருந்து மீண்டவர்கள் எழுதிய வாழ்க்கைக் கதைகள் வேறு வகை. அவற்றில் சிகிச்சை முறை இருக்காது. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற தனிமையை அவை உடைக்கும், அது சின்ன விஷயம் இல்லை. பயிற்சி நூலோடு சேர்த்து ஒன்று வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக வேண்டாம்.

இங்கிலாந்தில் 2013 முதல் 'ரீடிங் வெல்' என்ற திட்டம் நடக்கிறது. நிபுணர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்த நூல்களை நூலகங்களில் வைத்து, டாக்டர்களே பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு அது நல்ல இடம்.

எப்போது, எங்கே, எவ்வளவு

மனது சரியில்லாதபோது வாசிப்பே சிரமம். ஒரே வரியை நாலு தடவை படிப்பீர்கள், பக்கம் முடிந்ததும் என்ன படித்தோம் என்று நினைவிருக்காது. கவனம் நிற்காதது மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று, பிஎச்க்யூ-9-இல் அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. "இதைக்கூடப் படிக்க முடியவில்லையே" என்று நொந்துகொள்ள வேண்டாம். அளவைக் குறையுங்கள். ஒரு நாளுக்கு மூன்று பக்கம் போதும். அதுவும் முடியாத நாளில் ஒலிப்புத்தகம் கேளுங்கள், அல்லது யாரையாவது படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

படுக்கையில் படிக்காதீர்கள். சோகமும் பயமும் பற்றிய அத்தியாயத்தைப் படித்த கையோடு விளக்கை அணைத்தால் மனது அதையே பிடித்துக்கொண்டு சுற்றும். பகலில், நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பென்சிலோடு, பக்கத்தில் ஒரு நோட்டோடு படியுங்கள். முடித்ததும் எழுந்து செய்யச் சாதாரண வேலை ஒன்று இருக்கட்டும். துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, எதுவானாலும் சரி.

ஒரு நேரத்தில் ஒரு புத்தகம். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். புதுப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் எப்போதும் இதமாக இருக்கும். நம் கஷ்டத்தை அப்படியே எழுதியிருப்பார்கள், "அடடா, இது நான்தான்" என்று ஒரு நிம்மதி வரும். மூன்றாம் நான்காம் அத்தியாயத்தில் பயிற்சி தொடங்கும், அங்கே கை தளரும். அடுத்த புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுவோம். இப்படியே இருபது புத்தகத்தின் முதல் அத்தியாயங்களைப் படித்தவர்கள் மனநலத்தைப் பற்றி அருமையாகப் பேசுவார்கள். ராத்திரித் தூக்கம் மட்டும் வந்திருக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? பயிற்சி வந்த இடத்தில் வாசிப்பை நிறுத்துங்கள். இரண்டு நாளாவது அதைச் செய்துவிட்டுத்தான் அடுத்த பக்கம்.

ஒரு பயிற்சியை முழுசாகச் செய்து பார்ப்போம்

பெரும்பாலான சி.பி.டி. நூல்களில் 'எண்ணப் பதிவு' என்ற அட்டவணை வரும். பார்க்கச் சுலபமாக இருக்கும், செய்யும்போதுதான் எங்கே தடுக்கும் என்று தெரியும். ஓர் உதாரணம் எடுப்போம்.

காலையில் தோழிக்கு ஒரு செய்தி அனுப்பினீர்கள். அவள் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது. மாலைவரை பதில் இல்லை. உங்களுக்கு மனது கனத்துப்போய்விட்டது.

முதல் கட்டத்தில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும். "காலை 9 மணிக்கு அனுப்பினேன், பார்த்தாள், மாலை 6 வரை பதில் இல்லை." நிறைய பேர் இங்கே "அவள் என்னை அலட்சியம் செய்தாள்" என்று எழுதிவிடுவார்கள். அது நடந்தது இல்லை, நடந்ததற்கு நாம் கொடுத்த விளக்கம். கேமரா வைத்திருந்தால் எது பதிவாகுமோ அதை மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவது உணர்ச்சி, 100-க்கு எவ்வளவு என்று. "வருத்தம் 80, பயம் 50." ஒரே சொல்லில் முடிய வேண்டும். "நான் வேண்டாதவள் என்று உணர்ந்தேன்" என்று எழுதினால் அது அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டிய சரக்கு.

மூன்றாவது கட்டம்தான் மொத்தப் பயிற்சிக்கும் உயிர். அந்த நொடி மனதில் ஓடிய எண்ணம். முதலில் பெரும்பாலும் கேள்வியாகத்தான் வரும்: "ஏன் பதில் போடவில்லை?" கேள்வியைச் சோதித்துப் பார்க்க முடியாது. அந்தக் கேள்விக்குப் பயந்த மனது என்ன பதில் சொல்கிறது என்று கேளுங்கள். "அவளுக்கு நான் சலித்துவிட்டேன்." இன்னும் ஒரு படி இறங்கி, அப்படியானால் என்ன? "என்னோடு யாருக்குமே ஒட்டாது." இதுதான் வலிக்கிற எண்ணம். இதை எவ்வளவு நம்புகிறீர்கள்? 85 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, அந்த எண்ணத்துக்கு ஆதாரம். "போன வாரமும் தாமதமாகத்தான் பதில் வந்தது." சரி, அது ஆதாரம். "நான் அப்படிப்பட்ட ஆள்தான்" என்பது ஆதாரம் இல்லை, அதே எண்ணம் வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது. பிறகு எதிர் ஆதாரம். "முந்தாநாள் அவளே கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினாள். நானும் வேலை நாளில் சிலருக்குச் சாயங்காலம்தான் பதில் போடுகிறேன். என்னோடு யாருக்கும் ஒட்டாது என்றால் இரண்டு பேர் எட்டு வருஷமாக என்னோடு இருப்பது எப்படி?" இந்தக் கட்டம் நிரம்ப நேரம் எடுக்கும். வரவில்லையென்றால் நெருங்கிய ஒருவருக்கு இதே நிலை வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், சட்டென்று வந்துவிடும்.

கடைசியாக மாற்று எண்ணம். இங்கே "எல்லாருக்கும் என்னை ரொம்பப் பிடிக்கும்" என்று எழுதினால் மனது ஏற்காது. இரண்டு பக்க ஆதாரத்தையும் மதிக்கிற வாக்கியம் வேண்டும். "ஏன் பதில் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. வேலையாக இருக்கலாம். ஏதாவது மனவருத்தம்கூட இருக்கலாம், இருந்தால் நாளைக்குக் கேட்டுவிடலாம். ஒரு நாள் தாமதத்தை வைத்து எல்லோரும் என்னை ஒதுக்குகிறார்கள் என்று சொல்ல முடியாது." இப்போது பழைய எண்ணத்தின் மேல் நம்பிக்கை எவ்வளவு? 55.

புதிதாகச் செய்கிறவர் இந்த 55-ஐப் பார்த்துப் பயிற்சி தோற்றுவிட்டதாக நினைப்பார். 85-இலிருந்து 55 என்பது நல்ல இறக்கம். இதன் நோக்கம் வருத்தத்தைத் துடைத்தெறிவது இல்லை. போனைப் பத்து தடவை எடுத்துப் பார்க்காமல் சாயங்கால வேலையைப் பார்க்கும் அளவுக்கு மனது இறங்கினால் போதும். பத்துப் பதினைந்து தடவை எழுதிய பிறகு, எழுதாமலே மனது அந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கும்.

மேலே சொன்ன "எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும்" வகை வாக்கியங்களைக் கண்ணாடி முன் நின்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிற புத்தகங்கள் ஏராளம். ஜோன் வுட் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2009-இல் அதைச் சோதித்தார்கள். "நான் அன்புக்குரியவர்" என்று திரும்பச் சொன்னபோது, தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்களின் மனநிலை இன்னும் மோசமானது. யாருக்கு இந்த உத்தி மிகவும் தேவை என்று சொல்லப்படுகிறதோ அவர்களுக்குத்தான் அது திருப்பி அடிக்கிறது. உங்களுக்கு அப்படி ஆனால் குறை உங்களிடம் இல்லை, அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

எழுதவே தெம்பில்லை என்றால்

ரொம்பச் சோர்ந்திருப்பவருக்கு எண்ணங்களை அலசுவதைவிட உடம்பை நகர்த்துகிற பயிற்சி முதலில் சரிப்படும். புத்தகங்களில் 'செயல் தூண்டல்' என்ற மாதிரிப் பெயரில் இருக்கும். மனது வந்தால் செய்யலாம் என்று காத்திருக்காமல், முதலில் செய்துவிட்டு மனது பின்னால் வருகிறதா என்று பார்ப்பது. பத்து நிமிட நடையை எடுத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் எவ்வளவு பிடிக்கும் என்று 10-க்கு ஊகித்து எழுதுங்கள். 1 என்றுதான் எழுதுவீர்கள். திரும்பி வந்ததும் உண்மையில் எவ்வளவு என்று எழுதுங்கள். 3 வரலாம். ஒரு வாரத்துக்கு இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவந்தால், சோர்ந்த மனதின் ஜோசியம் பெரும்பாலும் குறைவாகத்தான் சொல்கிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரியும்.

கவலை ஓயாதவர்களுக்கு 'கவலை நேரம்' என்ற பயிற்சி. உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983-இல் எழுதியது. தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அரை மணி நேரத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி குறித்துவைத்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். கேட்டால் சிரிப்பாக இருக்கும், செய்து பாருங்கள். தூக்கத்துக்கான நூல்களில் படுக்கை நேரத்தையே குறைக்கிற ஒரு முறை வரும். நல்ல முறைதான், ஆனால் வலிப்பு நோயோ இருதுருவ நோயோ (அளவுகடந்த வேகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் 'பைபோலார்') இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. வண்டி ஓட்டுகிற வேலையில் இருப்பவர்களும் அப்படித்தான்.

படித்தபின் மோசமாக இருந்தால்

கொஞ்சம் கிளறல் சகஜம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மனதை வதைத்த சம்பவத்தைப் பற்றித் தினம் 15 நிமிடம், 4 நாள் எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்கள் வாடித்தான் போனார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்தது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடுகிற கலக்கம் என்றால் தொடரலாம்.

அடங்காமல் நாள் முழுக்க நின்றால், பழைய சம்பவம் கண்முன் நடப்பது போல வந்தால், உடம்பு மரத்துப்போனது போல இருந்தால், அந்த அத்தியாயத்தை மூடிவிடுங்கள். கால் தரையில் படுவதைக் கவனியுங்கள், அறையில் இருக்கும் பொருள்களைப் பேர் சொல்லி எண்ணுங்கள், முகத்தில் தண்ணீர் அடியுங்கள். சிறுவயதுக் கொடுமை, பாலியல் வன்முறை, பெரிய விபத்து போன்றவற்றைப் பற்றிய நூல்களைத் தனியாகப் படித்துக் காயத்தைத் திறக்காமல், சிகிச்சையாளர் ஒருவரின் துணையோடு படிப்பது நல்லது. அதுவரை அமைதிப்படுத்தும் பயிற்சிகள் உள்ள அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கவிளைவு கொஞ்சம் வேடிக்கையானது. படிக்கிற நோய் எல்லாம் நமக்கு இருப்பதாகத் தோன்றும். இரண்டாம் வாரத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆளுக்கொரு நோய்ப்பெயர் வைத்துவிடுவோம். கணவர் சுயமோகி, மாமியார் இன்னொன்று. புத்தகத்தில் கற்ற பெயரைச் சண்டையில் எடுத்து வீசாதீர்கள். வீட்டில் அதற்கப்புறம் யாரும் உங்களோடு மனம்விட்டுப் பேசமாட்டார்கள். (உண்மையிலேயே அடியோ மிரட்டலோ நடக்கிற வீடு என்றால் அது வேறு விஷயம். அங்கே பாதுகாப்பு முதலில், புத்தகம் பிறகு.)

துணைக்கு ஒருவர்

தொடக்கத்தில் சொன்ன அந்த வாராந்திரப் போன். எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் லேசான மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் 'வழிகாட்டப்பட்ட சுய உதவி' இடம் பெறுகிறது. பயிற்சி பெற்ற ஒருவர் 6 முதல் 8 சந்திப்புகளில் கூட இருந்து, புத்தகத்தையோ இணையப் பாடத்தையோ செய்யவைப்பார். அப்படி ஒருவர் கிடைத்தால் சிறப்பு. இல்லையென்றால், அறிவுரை சொல்லாத ஒரு நண்பர் போதும். அவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, இந்த வாரம் என்ன பயிற்சி செய்தாய் என்று மட்டும் கேள். செய்யவில்லை என்றால் திட்டாதே, அடுத்த வாரம் எப்போது செய்வாய் என்று கேள்." நோட்டை அவருக்குக் காட்ட வேண்டிய அவசியமில்லை. யாரோ கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பே சனிக்கிழமை நம்மை நோட்டைத் திறக்க வைக்கும்.

ஆறு வாரம் கழித்து

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிஎச்க்யூ-9-இன் அந்த ஒன்பது கேள்விகளுக்குப் பதில் எழுதி மொத்தத்தைக் குறித்து வாருங்கள். ஆறு வாரம் பயிற்சிகளை ஓரளவு ஒழுங்காகச் செய்தும் எண் அசையவில்லை, அல்லது ஏறுகிறது என்றால் அடுத்த புத்தகம் வாங்காதீர்கள், ஆளைத் தேடுங்கள். டாக்டரிடமோ உளவியலாளரிடமோ போகும்போது நோட்டையும் எடுத்துப்போங்கள். "இந்தப் பயிற்சியை இத்தனை வாரம் செய்தேன். தூக்கம் சரியாயிற்று, காலையில் வருகிற பயம் மட்டும் போகவில்லை" என்று சொல்ல முடிந்தால், வழக்கமாக இரண்டு மூன்று சந்திப்பில் தெரியவருவது முதல் நாளே தெரிந்துவிடும். பயிற்சியே செய்ய முடியவில்லை என்றாலும் அதையும் அப்படியே சொல்லுங்கள். அதுவும் அவர்களுக்குத் தேவையான தகவல்தான்.

எண் இறங்கியிருந்தால் புத்தகத்தைத் தூக்கி எங்கோ வைப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு தாளை எடுத்து மேல்பாதியில், போன முறை சோர்வு எப்படி ஆரம்பித்தது என்று எழுதுங்கள். குளிப்பதைத் தள்ளிப்போட்டது, போனை எடுக்காதது, அதிகாலை நாலு மணிக்கே விழித்தது, இப்படி உங்களுக்கு வந்தது எதுவோ அது. கீழ்ப்பாதியில், உங்களுக்கு நிஜமாகவே உதவிய இரண்டு மூன்று பயிற்சிகளைப் பக்க எண்ணோடு எழுதி, அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பரின் பெயரையும் போட்டு அட்டைக்குள் ஒட்டிவையுங்கள். பக்க எண் கட்டாயம் வேண்டும். மறுபடி தேவைப்படுகிற நாளில் புத்தகம் முழுக்கப் புரட்டித் தேடத் தெம்பு இருக்காது.